பூஜ்யம் காட்டாத கருவி

கதிர்வீச்சை எண்ணும் கைகர் கவுண்டர் கிட் ஒன்றை வாங்கி, சால்டரிங் முடித்து, முதல்முறை ஸ்விட்சைப் போடுகிறவர் அநேகமாக உடனே அதை அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்ப்பார். பக்கத்தில் எதுவும் இல்லை. மேசையில் ஸ்குரு டிரைவர், ஈயக் கம்பிச் சுருள், ஆறிப்போன காபி, அவ்வளவுதான். இருந்தும் கருவி எண்ணிக்கொண்டிருக்கிறது. டிக். சற்று நேரம் கழித்து டிக்டிக். அப்புறம் மௌனம். மறுபடி ஒன்று. எங்கேயோ வயரிங் தப்பு என்றுதான் முதலில் தோன்றும். தப்பு எதுவும் இல்லை. கருவி ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு அந்தச் சத்தமே முதல் சான்று.

வீட்டில் நாம் வைத்திருக்கும் மற்ற அளவுக் கருவிகள் இப்படி இல்லை. எடை மெஷினில் யாரும் ஏறாதபோது அது பூஜ்யம் காட்டுகிறது. மல்ட்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் சேர்த்து வைத்தால் வோல்ட் பூஜ்யம். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிய ஆக்ஸிமீட்டர் பூஜ்யம் காட்டாவிட்டாலும் 94 என்ற ஒரு கோட்டை நமக்குக் கற்றுக்கொடுத்தது. மேலே இருந்தால் வீட்டில் இரு, கீழே போனால் ஆஸ்பத்திரிக்கு ஓடு. கைகர் கவுண்டரிடம் அப்படிப்பட்ட பூஜ்யமும் இல்லை, கோடும் இல்லை. நிமிடத்துக்கு இருபது, இருபத்தைந்து என்று அது எந்நேரமும் எதையோ எண்ணிக்கொண்டே இருக்கும். சுவர்ச் செங்கல்லிலும் தரைக் கிரானைட்டிலும் உள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம். கூரையைத் துளைத்துக்கொண்டு வரும் விண்கதிர். கருவியைக் கையில் பிடித்திருக்கும் மனிதன். நம் உடம்பிலுள்ள பொட்டாசியத்தில் மட்டும் நொடிக்கு 4,000 அணுக்களுக்கு மேல் சிதைகின்றன. தாயின் வயிற்றில் இருந்த நாளிலிருந்து நின்றதே கிடையாது.

என் சித்தி இந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஏம்ப்பா இது கத்திக்கிட்டே இருக்கு? வீட்டுல ஏதாச்சும் இருக்கா?" என்றார். "இருக்கு சித்தி, எல்லா வீட்லயும் இருக்கும்" என்றேன். "அப்ப அத நிறுத்திடு" என்றார்.

சிரிக்கலாம். ஆனால் நாட்டில் கதிர்வீச்சைப் பற்றிய பேச்சில் பாதி சித்தியின் இந்தத் தர்க்கத்தில்தான் நடக்கிறது. கேட்காத வரைக்கும் இல்லை; கேட்டுவிட்டால் ஆபத்து. இரண்டுக்கும் நடுவே இருக்கும் பரந்த இடத்தில் நின்று யோசிக்க நம்மிடம் பழக்கமும் இல்லை, எண்களும் இல்லை. வீட்டுக் கவுண்டர் நம்மைக் காப்பாற்றும் என்று நான் நம்பவில்லை. அந்த நடுவெளியில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதால் அதன்மேல் எனக்கு மரியாதை உண்டு.

உள்ளே இருப்பது எளிமையான சங்கதி. உள்ளங்கை அகலப் பலகை, அதில் ஃபியூஸ் மாட்டும் கிளிப் போன்ற இரண்டு பிடிகள், பிடிகளுக்கு இடையில் விரல் நீளத்துக்கு ஒரு குழாய். யு.எஸ்.பி. வழியாக வரும் 5 வோல்ட்டை ஒரு 555 ஐ.சி.யும் காயிலும் சேர்ந்து சுமார் 400 வோல்ட்டாக ஏற்றுகின்றன. குழாய்க்குள் குறைந்த அழுத்தத்தில் வாயு. ஒரு பீட்டா துகளோ காமா கதிரோ உள்ளே ஓர் எலக்ட்ரானைக் கிளப்பிவிட்டால், அந்த 400 வோல்ட் அதை இழுக்க, அது மற்றவற்றை மோத, கணத்தில் குழாய் முழுதும் மின்சாரம் பாய்ந்து நிற்கிறது. அதுதான் ஒரு எண்ணிக்கை. வந்தது எது, எந்தப் பொருளிலிருந்து வந்தது, எவ்வளவு ஆற்றலோடு வந்தது என்பதெல்லாம் குழாய்க்குத் தெரியாது. ஒன்று வந்தது, அவ்வளவே. ஆல்ஃபா துகள்கள் பெரும்பாலான மலிவுக் குழாய்களின் சுவரைத் தாண்டி உள்ளேயே போவதில்லை.

1909-இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் கைகரும் எர்னெஸ்ட் மார்ஸ்டனும் இருட்டறையில் உட்கார்ந்து, துத்தநாக சல்பைடு திரையில் தெறிக்கும் ஒளிப்பொட்டுகளை நுண்ணோக்கி வழியாகக் கண்ணால் எண்ணினார்கள். அணுவுக்குள் கரு உண்டு என்ற முடிவுக்கு ரூதர்ஃபோர்டு வந்தது அந்த எண்ணிக்கையிலிருந்துதான். கைகர் பின்னாளில் கீல் நகரில் தன் மாணவர் வால்தர் முல்லரோடு சேர்ந்து 1928-இல் உருவாக்கிய குழாய்தான் இன்று நம் பலகையில் கிளிப்பில் உட்கார்ந்திருப்பது. நூறு ஆண்டு நெருங்குகிறது. அடிப்படையில் எதுவும் மாறவில்லை. டிக் என்ற சத்தம் மட்டும் குழாயினுடையது அல்ல. பஸ்ஸர் ஒன்றை வைத்து நாம் சேர்த்துக்கொண்டது. பலகையில் ஒரு சின்ன ஜம்பர் இருக்கும். அதைக் கழற்றிவிட்டால் சத்தம் நிற்கும், எண்ணிக்கை நிற்காது. சித்திக்கு அதைச் செய்துகொடுத்தேன்.

எலக்ட்ரானிக்ஸ் பொழுதுபோக்கில் ஊறியவர்களுக்கு இந்தப் பலகை வேறொரு வகையில் பாடம் நடத்தும். 400 வோல்ட் வருகிறதா என்று சாதாரண மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் அது குறைவாகவே காட்டும். காரணம், அந்த மின்சுற்று தரக்கூடிய மின்னோட்டம் அற்பம். மீட்டரின் 10 மெகாஓம் உள்தடையே அதற்குப் பெரிய சுமை. அளக்கப் போன கையே வோல்ட்டைக் கீழே இழுத்துவிடுகிறது. இதை அறியாமல் திருகை முறுக்கி முறுக்கி வோல்ட்டை ஏற்றிக் குழாயைக் கெடுத்தவர்கள் உண்டு. மீட்டருக்கு முன்னால் நூறு மெகாஓம், ஆயிரம் மெகாஓம் என்று தடைகளைக் கோத்து, கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்த சிக்கல் திரையில் வரும் எண். பலகை எண்ணுவது நிமிடத்துக்கு எத்தனை என்பதை மட்டும். நமக்குத் தெரிந்தாக வேண்டியது உடம்பு வாங்கும் அளவைச் சொல்லும் மைக்ரோசீவர்ட். ஆகவே ஒரு பெருக்கு எண்ணால் பெருக்கிக்கொள்கிறோம். அந்தப் பெருக்கு எண் குழாய்க்குக் குழாய் வேறு. சோவியத் காலத்து எஃகுக் குழாயான எஸ்.பி.எம்.-20க்கு ஒன்று, சீனத்துக் கண்ணாடிக் குழாயான ஜே305க்கு வேறொன்று. அதுவும் சீசியம்-137 போன்ற குறிப்பிட்ட மூலத்தை வைத்துக் கணக்கிட்டது. ஆற்றல் குறைந்த காமா கதிர்களுக்கு இந்தக் குழாய்கள் மிகையாகத் துள்ளும். யாரோ எழுதிய ஆர்டுயினோ நிரலை இறக்கி, எந்தக் குழாய்க்கு எழுதியது என்று பாராமல் ஏற்றிவிட்டால், திரையில் 0.15 என்று தசமப் புள்ளியோடு ஒரு எண் வந்து நிற்கும். தசமப் புள்ளி வந்ததும் எதற்கும் ஒரு மரியாதை வந்துவிடுகிறது. என்னைக் கேட்டால், வீட்டுக் கருவியில் நிமிட எண்ணிக்கைதான் நேர்மையானது. மைக்ரோசீவர்ட் அதன் ஆசை.

அந்த நிமிட எண்ணிக்கையும் நிலையாக நிற்காது. தாளிக்கும் கடுகு போலத்தான் அது வெடிக்கும். அடுத்தது எப்போது என்று எந்தச் சமையல்காரரும் சொல்ல முடியாது. ஒரு நிமிடம் 19, அடுத்தது 31, அதற்கடுத்தது 24. எதுவும் நடக்கவில்லை, எதுவும் கசியவில்லை. சராசரி 25 என்றால் ஐந்து கூடுவதும் ஐந்து குறைவதும் அதன் சுபாவம். எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு ஆட்டம் எப்போதும் இருக்கும். சில நேரம் இரண்டு மடங்கு ஆட்டமும் வரும். ஒரு சதவீதத் துல்லியத்தோடு சராசரி வேண்டுமென்றால் 10,000 எண்ணிக்கை சேர வேண்டும். நிமிடத்துக்கு 25 என்ற கணக்கில் அது 400 நிமிடம், அதாவது ஆறே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இரவு படுக்கப் போகும்போது போட்டுவிட்டு விடிந்ததும் பார்க்க வேண்டிய விஷயம். கையில் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடந்து, "இங்க 31, அங்க 19, பூஜையறையில ஏதோ இருக்கு" என்று சொல்கிறவர்கள் கதிர்வீச்சை அளக்கவில்லை, தற்செயலோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

எனவே கருவி வந்ததும் முதலில் செய்ய வேண்டியது எதையும் அதன் பக்கத்தில் கொண்டுபோகாமல் இருப்பது. ஒரே இடத்தில் வைத்து, இரவும் பகலுமாக ஓடவிட்டு எழுதிக்கொள்வது. அலுப்பான வேலைதான். ஆனால் அந்த அலுப்பிலிருந்தே முதல் ஆச்சரியம் வரும். நல்ல மழை பிடித்துக்கொள்ளும் நாளில் எண்ணிக்கை மெல்ல ஏறும். மண்ணிலிருந்து கசிந்து காற்றில் கலந்த ரேடான் வாயு சிதைந்து உண்டாகும் ஈயம்-214, பிஸ்மத்-214 அணுக்கள் தூசியோடு ஒட்டிக்கொண்டு மேலே மிதக்கின்றன. மழை அவற்றைக் கழுவிக் கொண்டுவந்து மொட்டைமாடியிலும் வாசலிலும் போடுகிறது. ஒன்றின் அரையாயுள் 27 நிமிடம், மற்றதன் அரையாயுள் 20 நிமிடம். மழை விட்டு ஓரிரண்டு மணி நேரத்தில் எண் பழைய இடத்துக்கு இறங்கிவிடும். சங்க காலத்திலும் மழை இப்படித்தான் பெய்திருக்கிறது. மழைநாளில் முதன்முதலாகக் கவுண்டரை இயக்கியவர் மட்டும்தான் அன்றிரவு தூக்கமில்லாமல் போவார். இதையே வீட்டுக்குள் செய்துபார்க்க ஒரு பலூன் போதும். ஊதி, தலைமுடியில் நன்றாகத் தேய்த்து, பூட்டிய அறையில் கொஞ்ச நேரம் தொங்கவிட்டு, பிறகு காற்றை இறக்கிக் குழாயின்மேல் வைத்தால் எண்ணிக்கை குதிக்கும். முக்கால் மணி நேரத்தில் ஏறக்குறைய பாதியாகிவிடும். அரையாயுள் என்ற பாடத்தைப் பள்ளியில் சுண்ணக்கட்டியால் படித்தவர்கள் அதைக் காதால் கேட்கலாம்.

இதற்கப்புறம்தான் பொருள்கள். வாழைப்பழத்தை எல்லோரும் முதலில் வைத்துப் பார்ப்பார்கள். எதுவும் தெரியாது, அதிலுள்ள பொட்டாசியம் இந்தக் குழாய்க்குப் போதாது. உரக்கடையில் கிடைக்கும் பொட்டாஷைப் பொட்டலமாகக் கட்டி வைத்தால் தெரியும். 50 கிலோ பொட்டாஷ் மூட்டை ஒன்றில் நொடிக்கு ஏழு லட்சத்துக்கு மேல் அணுக்கள் சிதைகின்றன. நம் விவசாயிகள் அதைத் தோளில் சுமந்து, வெறுங்கையால் அள்ளி வீசியிருக்கிறார்கள். இதனால் அவர்களுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. எண் பெரிதாக இருப்பதும் ஆபத்து பெரிதாக இருப்பதும் வேறு வேறு என்பதை உணர மூட்டைமேல் கவுண்டரை வைத்துப் பார்ப்பது நல்ல வழி.

பெட்ரமாக்ஸ் மேண்டில் வேறு ரகம். பழைய இருப்பு மேண்டில் ஒன்று கிடைத்தால் குழாய் பல மடங்கு துள்ளும். 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் கவுண்டமணியின் கடையில் செந்தில் தொட்டு உடைத்த அந்தப் பூவலைக்குப் பின்னால் நம் கடற்கரையின் கதை ஒன்று இருக்கிறது. ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் அவுவர் ஃபான் வெல்ஸ்பாக், 1891-இல் தோரியம் 99 பங்கு, சீரியம் ஒரு பங்கு என்ற கலவையைக் கண்டுபிடித்தார். அந்த உப்புக் கரைசலில் ஊறிய நூல் வலையைக் கொளுத்தினால் நூல் எரிந்து போய் ஆக்சைடு சாம்பல் மட்டும் வலை உருவில் நிற்கும். அந்தச் சாம்பல்தான் வெள்ளை வெளேரென்று ஒளிர்வது; தொட்டால் உதிர்வதும் அதனால்தான். ஐரோப்பிய நகரங்களின் தெருவிளக்குகளுக்குத் தோரியம் மூட்டை மூட்டையாக வேண்டியிருந்தது. 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலில் தோரியம் உள்ள மோனோசைட் கனிமத்தைக் கண்டார். சீக்கிரமே மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் வேலை ஆரம்பமானது. அன்று அது திருவிதாங்கூர். 1956-இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. கன்னியாகுமரிக் கடற்கரையின் கறுப்பு மணல் பெர்லினில் தெருவிளக்காக எரிந்திருக்கிறது. அதே பெர்லினில் மாக்ஸ் கிரேட்ஸின் நிறுவனம் செய்த பெட்ரமாக்ஸ், நம் கல்யாண ஊர்வலங்களில் தலைமேல் ஏறி வந்தது. இப்போது பெரும்பாலான மேண்டில்களில் தோரியத்துக்குப் பதில் இட்ரியம். பழையது கிடைத்தால் உடைக்காமல் பாலிதீன் உறைக்குள் வைத்தே பாருங்கள். பொடி மூக்கில் போவதுதான் அதில் தவிர்க்க வேண்டிய விஷயம்.

தோரியம் இன்னொரு வழியாகவும் வீட்டுக்குள் வருகிறது. செல்போன் கதிர்வீச்சிலிருந்து காப்பாற்றும் என்று சொல்லி விற்கும் பதக்கங்கள், ஸ்டிக்கர்கள், 'எதிர்அயனி' வளையல்கள். இவற்றில் சில, கனிமப் பொடி கலந்தவை; அந்தப் பொடியில் தோரியம் இருக்கிறது. 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுப் பாதுகாப்பு ஆணையம், 5ஜி அலைகளைத் தடுப்பதாக விற்ற பத்துப் பொருள்கள் கதிரியக்கம் உள்ளவை, அணியாதீர்கள் என்று எச்சரித்தது. குழந்தைக்கான காப்பும் அதில் உண்டு. இவற்றைக் கைகர் குழாயின்மேல் வைத்தால் ஏறும். செல்போனை வைத்தால் ஏறாது. செல்போன் அலைக்கு அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்க்கும் ஆற்றல் கிடையாது. சில மலிவுப் பலகைகளில் போன் மணி அடிக்கும்போது எண்ணிக்கை துள்ளுவதுண்டு. அது கதிரியக்கம் அல்ல, போனின் அலை மின்சுற்றில் புகுந்து செய்யும் குறும்பு. இல்லாத ஒன்றுக்குப் பயந்து, இருக்கும் ஒன்றைக் காசு கொடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் இந்த வியாபாரத்தை மேசைமேல் நிரூபிப்பதற்காகவாவது ஊருக்கு ஒரு கவுண்டர் இருக்கலாம்.

மணவாளக்குறிச்சிக்குத் திரும்புகிறேன். அங்கே கடலோரத்தில் கவுண்டரை இயக்கினால், சென்னையில் பழகிய காது திடுக்கிடும். மோனோசைட் உள்ள மணல் திட்டுகளின்மேல் எண்ணிக்கை பல மடங்கு. அங்கிருந்து வடக்கே கேரளத்தின் சவறா, கருநாகப்பள்ளி வரை அந்த மணல் விட்டு விட்டுக் கிடக்கிறது. கருநாகப்பள்ளியின் கடலோரப் பஞ்சாயத்துகளில் வெளியிடக் கதிர்வீச்சின் நடுமதிப்பு ஆண்டுக்கு 4 மில்லிகிரேக்கு மேல்; சில இடங்களில் 70 வரை. உலகில் ஒருவர் இயற்கையிலிருந்து பெறும் எல்லாவற்றையும், மூச்சில் போகும் ரேடானையும் சேர்த்தே, சராசரி ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட்தான் என்பதோடு வைத்துப் பார்த்தால் இதன் அளவு புரியும். திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தினர் அங்கே வீடு வீடாகப் போய் உள்ளேயும் வெளியேயும் அளந்தார்கள். சுமார் 70,000 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டு பின்தொடர்ந்து, 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். 1,379 பேருக்குப் புற்றுநோய் வந்திருந்தது. கதிர்வீச்சு கூடுதலான வீடுகளில் அது கூடுதலாக இருப்பதாகத் தெரியவில்லை.

இந்த ஆய்வை எடுத்துக்கொண்டு, பார்த்தீர்களா ஒன்றும் இல்லை என்று அணு உலைக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் உண்டு. அது தவறான தாவல். மணலில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியிலிருந்து வருவதும், விபத்தில் காற்றிலும் பாலிலும் கலந்து உடம்புக்குள் போகும் அயோடினும் சீசியமும் ஒன்றல்ல. மறுபக்கம், இந்த ஆய்வின் பெயரையே கேட்டிராமல், மணலைத் தொட்டாலே புற்றுநோய் என்று பேசுகிறவர்களும் உண்டு. எனக்கு அந்த ஆய்வின் முடிவைவிட அதன் முறை முக்கியமாகப் படுகிறது. யாரோ ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் கருவியோடு நின்றிருக்கிறார்கள். இந்த வீட்டுக்கு இது இயல்பு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த மக்களுடைய இயல்பு சென்னைக்காரனுக்கு அபாயமாகத் தோன்றும். அதற்காகச் சென்னையின் எண்ணை அளவுகோலாக்கி அவர்களை அளக்க முடியாது. கூடங்குளம் அணு உலைக்கு எதிரான போராட்டம் 2011-இல் சூடுபிடித்தபோது இரண்டு பக்கமும் கதிர்வீச்சைப் பற்றி ஓயாமல் பேசினார்கள். கருவியும் எண்ணும் பெரும்பாலும் அரசு நிறுவனங்களின் கையில் இருந்தன. பயமும் கடலும் போராடிய மீனவ ஊரான இடிந்தகரையின் கையில். கவலைப்படத் தேவையில்லை என்பது ஓர் எண் அல்ல. அதை நம்பு என்று ஒரு மீனவரிடம் எப்படிச் சொல்வது?

அதே 2011-இல் ஜப்பானில் நடந்தது வேறு. மார்ச் 11 நிலநடுக்கம், சுனாமி, ஃபுகுஷிமா அணு உலை விபத்து. அரசு தந்த அளவீடுகள் சொற்பம். மக்களுக்கு நம்பிக்கையும் போயிருந்தது. உலகக் கடைகளில் கைகர் கவுண்டர்கள் சில நாட்களில் தீர்ந்துபோயின. ஆளுக்கு ஒன்று கொடுக்க வழியில்லாததால், இருக்கும் சிலவற்றைக் காரில் கட்டி ஊர் ஊராக ஓட்டினால் என்ன என்று சேஃப்காஸ்ட் என்ற தன்னார்வக் குழுவினருக்கு ஒரு யோசனை. அப்படிப் பிறந்ததுதான் பிகைகி. பெண்டோ என்ற சாப்பாட்டுப் பெட்டியளவு இருந்ததால் அந்தப் பெயர். ஐந்து நொடிக்கு ஒருமுறை எண்ணிக்கையையும் இடத்தையும் சேர்த்துப் பதியும். பிற்பாடு அதைக் கிட்டாக்கி, ஆர்வமுள்ளவர்கள் தாங்களே சால்டரிங் செய்து கட்டிக்கொள்ளும்படி கொடுத்தார்கள். சேர்ந்த அளவீடுகள் பத்துக் கோடிக்கும் மேல். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். அணு உலை வேண்டுமா வேண்டாமா என்பதில் அந்தக் குழு எந்தப் பக்கமும் சாயவில்லை. அவர்களுடைய பிடிவாதமெல்லாம் எண்ணை மறைக்கக் கூடாது என்பதில் மட்டும். இன்னொரு ஜப்பானியக் குழு ஒளி உணரும் டயோடுகளை வைத்து மிக மலிவான கருவி செய்தது. அதை ஐபோனில் செருகலாம். பெட்டிக்குப் பதில் ஃபிரிஸ்க் என்ற மிட்டாயின் டப்பாவையே பயன்படுத்தச் சொன்னார்கள். எலக்ட்ரானிக்ஸ் பொழுதுபோக்கு ஒரு நாட்டின் பொதுவாழ்வுக்கு இவ்வளவு நேராக உதவிய தருணம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

அந்த ஆண்டு அக்டோபரில் டோக்கியோவின் செடகயா பகுதியில், ஒரு நடைபாதையில் மணிக்கு 2.7 மைக்ரோசீவர்ட் வரை காட்டியது. ஃபுகுஷிமாவிலிருந்து காற்று கொண்டுவந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் தரையை எவ்வளவு கழுவினாலும் குறையவில்லை. பக்கத்து வீட்டை நெருங்க நெருங்கக் கூடியது. கடைசியில் அந்தப் பழைய வீட்டின் தரைப் பலகைக்கு அடியில், ஒரு மரப்பெட்டிக்குள் கண்ணாடிப் புட்டிகள் கிடைத்தன. உள்ளே ரேடியம். அணு உலைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பல பத்தாண்டுகளாக அது அங்கேயே இருந்திருக்கிறது, அதன்மேல் ஆட்கள் வாழ்ந்திருக்கிறார்கள், அந்த நடைபாதையில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருக்கிறார்கள். ஒரு பயத்துக்காக வாங்கிய கருவி, யாரும் பயப்பட நினைத்திராத ஒன்றைக் கண்டுபிடித்தது. சுற்றியுள்ள தெருக்களின் சாதாரண எண் தெரிந்திருந்ததால்தான் அந்த ஒரு நடைபாதை தனித்துத் தெரிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம்மிடம் அதற்கு முந்தைய ஆண்டே மாயாபுரி நடந்துவிட்டது. டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் பல ஆண்டு சும்மா கிடந்த காமா கதிர்வீச்சுக் கருவி, 2010-இல் ஏலத்தில் பழைய இரும்பாகப் போனது. மாயாபுரி காயலான் கடைகளில் அதை உடைத்தார்கள். உள்ளே கோபால்ட்-60. ஒருவர் இறந்தார், பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். காயலான் கடையில் எடை பார்க்கத் தராசு உண்டு, செம்பா பித்தளையா என்று உரசிப் பார்க்கும் கண் உண்டு. இதற்கு மட்டும் எதுவும் இல்லை. பொழுதுபோக்குக்காரர்களும் உதிரிபாகங்களுக்குப் போய் நிற்பது அதே குவியல்களின் முன்னால்தான். வீட்டுக் கவுண்டரால் உண்மையிலேயே உயிர் பிழைக்கக்கூடிய இடம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் வரவேற்பறையைச் சொல்ல மாட்டேன், காயலான் கடையைச் சொல்வேன்.

அங்கேயும் ஓர் எச்சரிக்கை. கைகர் குழாய் ஒரு முறை துடித்துவிட்டு அடுத்த துடிப்புக்குத் தயாராகச் சற்று நேரம் எடுக்கும். அந்த இடைவெளியில் வருவதை அது பார்க்காது. கதிர்வீச்சு மிக அதிகமான இடத்தில் மலிவுக் கருவி குறைத்துக் காட்டும், சில சமயம் மௌனமாகவே போய்விடும். செர்னோபிலில் அணு உலை வெடித்த 1986 ஏப்ரல் இரவில் கையிலிருந்த மீட்டர்கள் மணிக்கு 3.6 ராண்ட்ஜன் என்று காட்டியது இன்று கதையாகிவிட்டது. மீட்டரின் உச்ச அளவே அவ்வளவுதான். உண்மை அதைவிடப் பல்லாயிரம் மடங்கு. ஆகவே சந்தேகப்படும்படியான பொருளை நோக்கிப் போகும்போது எண் ஏறி ஏறி வந்து சட்டென்று நின்றுபோனால் நிம்மதிப் பெருமூச்சு விடக் கூடாது. திரும்பி நடக்க வேண்டும்.

மீனைத் தட்டில் வைத்துக் குழாயை ஒட்டிப் பார்ப்பதும் வீண். ஜப்பான் 2012-இல் உணவுக்கு வைத்த வரம்பு கிலோவுக்கு 100 பெக்கரல், அதாவது நொடிக்கு 100 சிதைவு. அந்த அளவை ஒரு விரல் நீளக் குழாய் சுற்றுப்புற எண்ணிக்கையிலிருந்து பிரித்துக் காண வழியே இல்லை. அதற்கு ஈயக் கோட்டையும் ஸ்பெக்ட்ரோமீட்டரும் வேண்டும். இப்போது சட்டைப் பையில் போடக்கூடிய சிறு படிகக் கருவிகள் வந்துவிட்டன. வந்த கதிரின் ஆற்றலைப் பிரித்து, இது தோரியம், இது சீசியம் என்று வரைபடம் காட்டுகின்றன. விலைதான் கிட்டைப்போலப் பல மடங்கு. அவற்றாலும் சாப்பாட்டுக்குச் சான்றிதழ் தர முடியாது.

சரி, ஆபத்தும் இல்லை, சான்றிதழும் இல்லை என்றால் வாங்கி வைத்து என்னதான் செய்வது? எனக்கு ஓர் ஆசை இருக்கிறது. தமிழ்நாட்டின் இயல்பு என்ன என்று யாராவது ஊர் ஊராக எழுத வேண்டும். அரசு நிறுவனங்கள் அளந்திருக்கின்றன, ஆராய்ச்சியாளர்கள் மாவட்டம் மாவட்டமாகக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். நான் சொல்வது வேறு: நம் தெருவின் எண்ணை நமக்குத் தெரிந்த ஒருவர் எழுதிவைப்பது. பேருந்தின் ஜன்னலோரம் ஒரு கவுண்டரும் செல்போனும் போதும். மலையில் ஏறினால் விண்கதிர் கூடும். 2,200 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தினர் மியூவான் துகள்களை எண்ண 3,700-க்கும் மேற்பட்ட எஃகுக் குழாய்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். தத்துவத்தில் நம் பலகைக் குழாய்க்கு அவை ஒன்றுவிட்ட அண்ணன்மார்தான். கடற்கரையில் மணலுக்கு மணல் மாறும். கருங்கல் பூமிக்கும் வண்டல் பூமிக்கும் வித்தியாசம் இருக்கும்.

எனக்குப் பார்க்க வேண்டியது தஞ்சாவூர். டெல்டாவில் கல் கிடையாது. ராஜராஜன் ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் அவ்வளவு கிரானைட்டையும் வெளியிலிருந்துதான் கொண்டுவந்து அடுக்கினான். வண்டல் மண்ணில் நடந்துவரும் ஒருவர் பெரிய கோயிலின் வாசலைத் தாண்டி, மேலும் கீழும் நாலாபுறமும் கல்லாக இருக்கும் இடத்தில் நின்றால் எண்ணிக்கை ஏறத்தான் வேண்டும். எவ்வளவு ஏறும் என்பதற்கு வர்க்கமூலக் கணக்குப்படி ஒரு மணி நேரமாவது பிராகாரத்தில் ஒரே இடத்தில் உட்கார வேண்டியிருக்கும். பஸ்ஸர் ஜம்பரைக் கழற்றிவிட்டுத்தான். கண்ணாடிக் குழாயும் சிவப்பு விளக்கும் வயருமாக ஒருவன் இவ்வளவு நேரம் என்ன செய்கிறான் என்று காவலாளி கேட்டால் சொல்வதற்கு, அவருக்குப் புரிகிற மாதிரி, பயம் வராத மாதிரி ஒரு பதில் வேண்டும். அதைத்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.